வழியில் இறங்கக் கூடாத கடல்

விடுமுறைக்குப் போகிறவன் போவதற்கு முன்பே களைத்துப்போய்விட வேண்டும் என்பதில் குடிநீர் வாரியத்துக்குள் கருத்து வேறுபாடே இருந்ததில்லை. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊழியர்களைக் குடும்பத்தோடு விமானத்தில் சுற்றுலா அனுப்புவது அங்கே வழக்கம். மனம் புத்துணர்வு பெறுவதற்காக என்று சுற்றறிக்கையில் போட்டிருக்கும். ஒருமுறை ஒரு பம்ப் ஆபரேட்டர் அப்படிப் போய்விட்டுச் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தார். தணிக்கைக்கு வந்தவர்கள் அதைக் கவனித்துவிட்டார்கள். வாரியப் பணத்தில் இவ்வளவு சிரிப்பு எப்படி வந்தது என்று குறிப்பு எழுதினார்கள். அந்தக் குறிப்புக்குப் பதில் சொல்வதற்காக அமைக்கப்பட்டதுதான் சிக்கனப் பயணக் குழு. அதற்குப் பிறகு யாரும் சிரித்துக்கொண்டு திரும்பியதாகப் புகார் இல்லை.

மீட்டர் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தவருக்கு அலுவலகத்தில் 'நிதானம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒருவழிப் பாதையைக் கடக்கும்போதும் இரண்டு பக்கமும் பார்ப்பவர் அவர். தண்ணீர்க் கட்டணம் கூடுதலாக வருகிறது என்று புகார் வந்தால், அந்த வீட்டு மீட்டர் அவருடைய மேசைக்கு வரும். குழாயில் மாட்டி, அளந்த தண்ணீரை அதன் வழியே விட்டு, முள் எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பார். சில மீட்டர்கள் தண்ணீரே இல்லாமல் வெறும் காற்றுப் போனாலும் சுறுசுறுப்பாகச் சுற்றும். அப்படிப்பட்டவற்றைப் பார்த்து அவர் கோபப்படுவதில்லை. ஓரமாக எடுத்து வைத்துவிடுவார்.

இந்த முறை சுற்றுலாவுக்கு அவருடைய முறை வந்தது. எங்கே போவது என்பதைச் சின்னவள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். அவள் ஒன்றாம் வகுப்பு. கடலில் அலை தானாகவே வந்து காலைத் தொடும் என்று டீச்சர் சொன்னதை அவள் நம்பவில்லை. அவர்கள் வீட்டில் தண்ணீர் யாராவது குழாயைத் திறந்தால்தான் வரும். அப்பா குடிநீர் வாரியத்தில் இருந்ததால் பல நாள் திறந்தாலும் வராது.

"யாரும் திறந்துவிடாமயா வரும்?" என்று தினமும் கேட்டாள்.

"வரும்டி. போய்ப் பார்க்கத்தானே போறோம்," என்றாள் நிதானத்தின் மனைவி. பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தவள் அவள். எதையும் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் வழக்கம் அவளிடம் கிடையாது. கடற்கரை ஊருக்குக் காலை பத்து மணிக்கு ஒரு நேர் விமானம் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். "இதையே போட்டுருங்க," என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். பதிமூன்று வயதுப் பெரியவன் மட்டும், "அப்பா போட்டா அது நடக்குமா?" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னான்.

குழு செவ்வாய்க்கிழமைதோறும் மூன்றாம் மாடியில் கூடும். அறையில் குளிர்சாதனம் இருந்தது. உறுப்பினர்களின் நாற்காலிகள் சாய்ந்தால் சாய்ந்து கொடுக்கும், நிமிர்ந்தால் நிமிர்ந்து கொடுக்கும். விண்ணப்பிக்க வந்தவருக்கு ஒரு கால் குட்டையான பிளாஸ்டிக் ஸ்டூல். முதலில் நெஞ்சில் கை வைத்து, "சுகத்தைத் தேட மாட்டேன், தேடாமல் வந்தாலும் வாரியத்துக்குத் தெரிவிப்பேன்" என்று உறுதிமொழி சொல்ல வேண்டும். ஸ்டூல் ஆடியதால் நிதானத்தின் உறுதிமொழியும் சற்று ஆடியது. மறுபடி சொல்லச் சொன்னார்கள்.

மூன்று உறுப்பினர்கள். நடுவில் தலைவர். அவருக்கு வலப்பக்கம் கணினியோடு கணக்கு உறுப்பினர். இடப்பக்கம் வசதி உறுப்பினர் என்ற அம்மையார். விண்ணப்பத்தில் எங்கே வசதி ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்து நீக்குவது அவருடைய பொறுப்பு.

"காலையில பத்து மணின்னு போட்டிருக்கீங்க," என்றார் அம்மையார். "அந்த நேரம்னா குளிச்சு, சாப்பிட்டு, பதறாம கிளம்பலாம். இல்லையா?"

"ஆமா மேடம்."

"ஒத்துக்கறாரு. எழுதிக்கோங்க."

"நேர் விமானம் எதுக்கு?" என்றார் தலைவர்.

"சின்னப் பொண்ணு இருக்கா சார். ஏறி ஏறி இறங்கினா கஷ்டப்படுவா."

"கஷ்டப்படட்டுமே," என்றார் தலைவர் மிகுந்த அன்போடு. "நானெல்லாம் பஸ்ல நின்னுக்கிட்டே வளர்ந்தவன். இப்பப் பாருங்க, உட்கார்ந்துட்டேன்." அவர் சாய்ந்தார். நாற்காலியும் சாய்ந்தது.

அதுவரை பேசாமல் இருந்த கணக்கு உறுப்பினர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னும் கம்மியா ஒண்ணு இருக்கு," என்றார்.

அது வழியில் ஓர் ஊரில் இறங்கி, வேறு விமானத்தில் ஏறி, பொழுது சாய்ந்த பிறகு போய்ச் சேர்வது. நிதானம் வீட்டில் சொன்னார். மனைவி கொஞ்ச நேரம் யோசித்து, "சரி, ஒரு நாள்தானே போகுது, போகட்டும்," என்றாள்.

அடுத்த செவ்வாய் அந்தச் சம்மதத்தைத் தெரிவிக்கப் போனார். அவர் இவ்வளவு சீக்கிரம் சம்மதித்தது அம்மையாருக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. "உடனே ஒத்துக்கிட்டாருன்னா அதுல ஏதோ சௌகரியம் இருக்குன்னு அர்த்தம்," என்றார். கணக்கு உறுப்பினர் மறுபடி தேடினார். "இன்னும் கம்மியா ஒண்ணு இருக்கு," என்றார். அதில் இரண்டு ஊரில் இறங்க வேண்டும். இரண்டாவது ஊரில் ஒரு மதியத்திலிருந்து மறு மதியம்வரை நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்," என்றாள் மனைவி. "பேசாம நம்ம காசைப் போட்டு நேர் விமானத்துல போயிடலாமே?"

அவர் ஏற்கெனவே அதை விசாரித்து வைத்திருந்தார். விடுப்பு டிக்கெட்டோடு ஒட்டிக்கொண்டு வரும். குழு கொடுத்த டிக்கெட்டில் போனால்தான் குழு கொடுத்த விடுப்பு. சொந்த டிக்கெட்டில் போனால் பணிக்கு வராதவர். அவருக்குச் சேர வேண்டிய மற்ற விடுப்பையும் 'சுற்றுலா முடியும்வரை' நிறுத்தி வைத்திருந்தார்கள். சுற்றுலாவுக்குப் பெயர் வந்தவர் மறுக்கவும் முடியாது. புத்துணர்வு கட்டாயம்.

"நல்ல வாரியம்," என்றாள் மனைவி. "எங்க டாக்டர்கூட வலிக்குதான்னு ஒரு வார்த்தை கேட்பாரு."

மூன்றாவது செவ்வாய்க்கிழமைதான் கணக்கு உறுப்பினரின் குரலில் முதல்முறையாக உணர்ச்சி தெரிந்தது. எல்லாவற்றையும்விடக் குறைந்த கட்டணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். டிக்கெட் மலை நகரத்துக்கு. அங்கே மழைக்காலம், யாரும் போவதில்லை, அதனால் மலிவு. கடற்கரை ஊருக்குக் கூட்டம் அதிகம், அதனால் விலையும் அதிகம். ஆனால் மலை நகரத்துக்குப் போகும் விமானம் கடற்கரை ஊரில் முக்கால் மணி நேரம் நின்றுதான் போகும்.

நிதானத்துக்கு முகம் மலர்ந்தது. "அப்போ நாங்க வழியில இறங்கிக்கறோம் சார். டிக்கெட்டும் கம்மி, ஊரும் அதே ஊரு."

தலைவர் நிமிர்ந்தார். நாற்காலியும் நிமிர்ந்தது.

"வழியிலயா?" என்றார் தலைவர். "மலை நகரத்துக்கு டிக்கெட் எடுத்துட்டு வழியில இறங்கினா, வாங்கின பயணத்துல பாதியை வீணாக்கினதா ஆகாதா? வாரியம் மலைவரைக்கும் காசு குடுக்குது. நீங்க கடலோட நிறுத்திக்கறேங்கறீங்க."

"ஆனா நாங்க போக வேண்டியது கடலுக்குத்தானே சார்?"

"தாராளமா போங்க. மலையில இறங்கி, பஸ் பிடிச்சு, கடலுக்கு வாங்க. யாரு வேண்டாம்னா?"

"பஸ்ல ஒரு முழுப் பகல் ஆகும் சார். திரும்பி வரவும் மலையிலேர்ந்துதான் ஏறணும். இருக்கற அஞ்சு நாள் இதுக்கே போயிடுமே. பஸ் கட்டணம் வேற."

"பஸ் குழுவோட வரம்புல வராது," என்றார் கணக்கு உறுப்பினர்.

"விமானம் நிக்கற முக்கால் மணி நேரமும் ஜன்னல் வழியா கடல் தெரியும்னு கேள்விப்பட்டேன்," என்றார் அம்மையார். "அதையும் ஒரு தடவை பார்த்ததா கணக்குல வெச்சுக்கலாம்."

கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுக்கும் குழு அல்ல அது. அந்தப் பாதை சரியாக இருக்கிறதா என்று நேரில் ஆராய்வதற்காக மூவரும் கடற்கரை ஊருக்குப் போனார்கள். பத்து மணி நேர் விமானத்தில் போய், ஒரு வாரம் தங்கி, மலை நகர விமானம் வருகிறதா என்று மணலிலிருந்து கண்காணித்தார்கள். 'விமானம் வந்தது. நின்றது. போனது' என்று அறிக்கை கொடுத்தார்கள். அறிவிப்புப் பலகையில் ஒரு படமும் ஒட்டினார்கள். தலைவர் காற்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டு அலையில் நிற்கும் படம். கீழே, 'கள ஆய்வில் குழு'.

நிதானம் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு மூன்றாம் மாடிக்குப் போய், தான் கேட்பது சரிதானா என்று இரண்டு முறை யோசித்துவிட்டுக் கேட்டார். "சார், நீங்க மட்டும் நேர் விமானத்துல போனீங்களே?"

தலைவர் கோபப்படவில்லை. குழந்தைக்கு விளக்குவதுபோல் விளக்கினார். "வேலையா போறவனுக்கு நேரம் முக்கியம் தம்பி. சுற்றுலா போறவனுக்கு நேரம்தானே இருக்கு?"

அதற்கு எதிராக ஒரு பதில் இருக்கிறது என்று நிதானத்துக்குத் தோன்றியது. அது என்னவென்று படி இறங்கும்வரை கிடைக்கவில்லை. கிடைத்தபோது தரைத்தளம் வந்துவிட்டது.

அன்றே கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். 'ஊழியராகிய நான் அனுமதிக்கப்பட்ட கடைசி ஊர்வரை செல்வேன். இடையில் இறங்க மாட்டேன்.' அதற்குச் சான்றாக மலை நகர விமான நிலையத்துக் கடிகாரத்தின் கீழ் நின்று படம் எடுத்து வர வேண்டும்.

"தலையைச் சுத்தி மூக்கைத் தொடறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன்," என்றாள் மனைவி. "இவங்க மூக்கைத் தாண்டிப் போயி, முதுகைத் தொட்டுட்டு, திரும்பி வந்து மூக்கைத் தொடச் சொல்றாங்க."

"நாம என்ன செய்ய முடியும்?"

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். கிளம்புங்க."

அவள் அவ்வளவு சுலபமாகச் சொன்னது அவருக்கு நிம்மதியாக இருந்தது. அங்கேதான் அவர் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

விமானம் கடற்கரை ஊரில் இறங்கியபோது நல்ல வெயில். ஓடுபாதை முடிந்ததும் ஒரு வேலி, வேலிக்கு அப்பால் மணல், மணலுக்கு அப்பால் நீலம். சின்னவள் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டாள். கடற்கரை ஊர்ப் பயணிகள் எழுந்து பைகளை எடுத்தார்கள். மனைவியும் எழுந்தாள்.

"நாம இறங்கக் கூடாது," என்றார் நிதானம்.

"நாம இல்ல. நாங்க." தலைக்கு மேலிருந்த பைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். அந்த மலிவு டிக்கெட்டில் பெட்டி ஏற்ற அனுமதி இல்லாததால் எல்லாச் சாமானும் கைப்பையிலேயே இருந்தது. குழு அந்தக் குடும்பத்துக்குச் செய்த ஒரே உதவி அது.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"என்னன்னு போட்டீங்க? சொல்லுங்க."

அவருக்கு மனப்பாடமாக இருந்தது. "ஊழியராகிய நான் அனுமதிக்கப்பட்ட…" என்று தொடங்கி நிறுத்தினார்.

"நான் ஊழியரா? இவன் ஊழியரா? இவ ஊழியரா?" என்று கேட்டாள் மனைவி. "பல்லைப் பிடுங்கணும்னா பிடுங்கிடணுங்க. நாக்கால தடவிக்கிட்டே இருந்தா வலிதான் மிச்சம். நீங்களும் வர்றதுன்னா வாங்க. வரலேன்னா வேலை போகாம பார்த்துட்டு வாங்க. ரெண்டுக்கும் எனக்குக் கோபம் இல்ல."

கோபம் இல்லை என்று அவள் சொன்ன விதத்தில் நிறையக் கோபம் இருந்தது. பெரியவன், "அப்பா, மலைக்கு என் வணக்கத்தைச் சொல்லிடுங்க," என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டினான்.

சின்னவள் மட்டும் நகரவில்லை. "அப்பா, நீ வரலையா?"

"நான் போயிட்டு வந்துடறேன்மா."

"எங்க போயிட்டு எங்க வரே?"

"கடலுக்கு வரேன்."

"கடல் இங்கதானேப்பா இருக்கு?"

நிதானம் மீட்டர் ஓடுவதையும் தண்ணீர் ஓடாததையும் ஒன்றாகப் பார்ப்பவர்போல் உட்கார்ந்திருந்தார். அவர்கள் போய்விட்டார்கள்.

விமானம் ஏதோ காரணத்தால் மேலும் ஒரு மணி நேரம் நின்றது. கடைசியில் கிளம்பி, ஓடி, கடற்கரையின் மேல் எழும்பியபோது, கீழே மணலில் மூன்று புள்ளிகள் தெரிந்தன. அவை தன் குடும்பம்தானா, வேறு யாருடைய குடும்பமா, மணலில் நட்ட கம்பங்களா என்று அவருக்குத் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கையை அசைத்தார். பணிப்பெண் வந்து, "என்ன சார் வேணும்?" என்று கேட்டாள்.

ஒன்றும் வேண்டாம் என்றார். பக்கத்தில் மூன்று இருக்கைகள் காலியாக இருந்தன. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, யோசித்து, சுற்றிப் பார்த்து, காலை நீட்டினார். உடனே தூங்கிப்போனார்.

மலை நகரத்தில் மழை, போனில் சிக்னல் இல்லை. விமான நிலையத்துக் கடிகாரம் நின்றிருந்தது. அதன் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டார். மறுநாள் விடியலில் பஸ் ஏறினார். வளைவுகளில் சாமான்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டுகொண்டிருந்தபோது போன் வந்தது.

"அப்பா, வந்துச்சு!" என்று கத்தினாள் சின்னவள். "தானா வந்துச்சு! நான் கூப்பிடவே இல்ல!"

"அப்படியா?" என்றார் நிதானம். "காலைத் தொட்டுச்சா?"

"தொட்டுச்சு. திரும்பிப் போச்சு. மறுபடி தொட்டுச்சு. அம்மா காலையும் தொட்டுச்சு. நீ…" வளைவில் சிக்னல் போய்விட்டது.

அவர் கடற்கரைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாயும் நேரம். பஸ்ஸின் ஆட்டம் உடம்பில் இன்னும் இருந்தது. மணலில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டார். கால் ஈரமானதும் கண்ணைத் திறந்தார். சின்னவள் குழித்த கைகளில் தண்ணீர் கொண்டு வந்து அவர் பாதத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது.

"இப்போ அது வரலப்பா. அதான் நான் கொண்டு வந்தேன்."

மறுநாள் காலையில் அவர் மறுபடி மலைக்குப் பஸ் ஏறினார். திரும்பும் விமானம் மலையிலிருந்துதானே. மனைவியும் பிள்ளைகளும் அவள் சம்பளத்தில் வாங்கிய டிக்கெட்டில் நேராக வீடு திரும்பினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை குழு அவரை அழைத்தது. கடிகாரப் படத்தைப் பார்த்துத் தலைவர் மகிழ்ந்தார். "இவ்வளவு களைச்ச முகத்தை நான் பார்த்ததே இல்ல. தணிக்கைக்குக் காட்டலாம்." படம் கைமாறி அம்மையாரிடம் போனது. அவர் அதைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார்.

"குடும்பம் எங்கே?"

நிதானம் உள்ளதைச் சொன்னார். வேறு எதையும் சொல்லத் தெரியாது.

"அவங்க இறங்கினது அவங்க இஷ்டம். அவங்க ஊழியர் இல்ல," என்று தலைவர் சட்டத்தைப் புரட்டிவிட்டு ஒத்துக்கொண்டார். நிதானம் மூச்சு விட்டார். ஸ்டூல் ஆடாமல் நின்றது.

"அப்போ பக்கத்துல மூணு சீட்டும் காலி," என்றார் அம்மையார் மெதுவாக. "காலை நீட்டினீங்களா?"

உறுதிமொழி ஞாபகம் வந்தது. தேடாமல் வந்தாலும் தெரிவிக்க வேண்டும். "நீட்டினேன் மேடம்."

"எப்படி இருந்துச்சு?"

நிதானம் நன்றாக யோசித்தார். "வசதியா இருந்துச்சு மேடம்."

கணக்கு உறுப்பினர் முதல்முறையாகக் கணினியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். மூவரும் குசுகுசுத்தார்கள். பிறகு தலைவர் எழுந்து நின்று தீர்ப்பைப் படித்தார். நான்கு பேர் இருக்கையை ஒரே ஆள் அனுபவித்தது வாரிய வரலாற்றில் இதுவரை பதிவான மிகப் பெரிய வசதி. எனவே இவர் பெயர் சுற்றுலாத் திட்டத்திலிருந்து நிரந்தரமாக நீக்கப்படுகிறது. இனி இவர் தனக்குச் சேர வேண்டிய சாதாரண விடுப்பில், தன் செலவில், தன் இஷ்டப்படி போய்க்கொள்ள வேண்டும். குழு இவருடைய பயணங்களில் எந்த அக்கறையும் காட்டாது.

தான் கேட்டது சரிதானா என்று நிதானத்துக்குச் சந்தேகம். "அப்போ எந்த விமானம்னு நீங்க சொல்ல மாட்டீங்களா சார்?"

"மாட்டோம்."

"எத்தனை மணிக்குன்னு?"

"அதையும் மாட்டோம். செஞ்சதுக்கு அனுபவிங்க," என்றார் தலைவர் கடுமையாக.

வெளியே பெஞ்சில் அன்றைய விண்ணப்பதாரர்கள் காத்திருந்தார்கள். முதல் ஆளாகக் குழாய் ஃபிட்டர் இருந்தார். அவருக்கு 'வாஷர்' என்று பெயர். "என்னண்ணே, முகம் ஒரு மாதிரி இருக்கு? என்ன சொன்னாங்க?"

நிதானம் தீர்ப்பை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். வாஷர் எட்டிக் கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கால் மட்டும் நீட்டினா போதுமாண்ணே? இல்ல, படுக்கவே செய்யணுமா?"

"நீட்டினாலே குடுக்கறாங்க," என்றார் நிதானம்.

படியில் இறங்கிக்கொண்டே வீட்டுக்குப் போன் செய்தார். சின்னவள் எடுத்தாள். அம்மா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை என்றாள்.

"அம்மாகிட்ட சொல்லும்மா, அப்பாவுக்குத் தண்டனை குடுத்துட்டாங்கன்னு."

"தண்டனைன்னா என்னப்பா?"

நிதானம் படியில் நின்றார். இந்த முறை தரைத்தளம் வருவதற்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது.

"இனிமே அப்பாவும் கடல்லயே இறங்கிக்கலாம்னு அர்த்தம்."